பாஸ்டில் கோட்டை விழுந்ததைப் பார்த்தவள்

"பிரெஞ்சுப் புரட்சி நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க ஆன்ட்டி?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஃபோட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். மெஷின் தாளைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்ட நேரம் அது. கவுண்டரில் ஒருவர், அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, விரலால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவில் இந்தக் கேள்வி. கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கசங்கிய பள்ளிச் சட்டையும் கையில் பேனாவுமாக, பதிலுக்கு உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தான். அவன் ஃபோலியோவில் பேட்டி என்ற கட்டம் காலியாக இருந்ததாம்.

ஃபோலியோ என்றால் என்னவென்று இந்த நாட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். அது வீட்டுப்பாடம்தான், கல்யாணப் பத்திரிகை மாதிரி உடுத்திக்கொண்டு வரும் வீட்டுப்பாடம். மேலே பிளாஸ்டிக் அட்டை, ஓரத்தில் சுருள் பைண்டிங், அத்தியாயத்துக்கு ஒரு வண்ணத் தாள். முதல் பக்கத்தில் நன்றியுரை: கடவுளுக்கு, ஆசிரியருக்கு, பெற்றோருக்கு, "நேரடியாகவும் மறைமுகமாகவும் உதவிய அனைவருக்கும்". நேரடியாக உதவுகிறவள் பெரும்பாலும் நான்தான். எழுத்துப் பிழை பார்ப்பதும், பக்கத்தை வரிசையாக அடுக்குவதும், விட்டுப்போன தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுப்பதும் என் தலையில்தான் விழும். கடைசியில் ஒரு பேட்டி வர வேண்டும். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவரைப் பேட்டி எடுத்து, அவரோடு கைகுலுக்கும் படம் ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைக்க வேண்டும்.

ஊர்ச் சரித்திரம் எழுதுகிற பிள்ளைகளுக்கு இது சரி. கோயில் கட்டியவர் இருப்பார், கணக்கு எழுதிய பழைய எஸ்டேட் கிராணி இருப்பார், போய்க் கேட்கலாம். அதே படிவத்தை அப்படியே தூக்கி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய பாரம் சிக்ஸ் உலகச் சரித்திர வகுப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். யார் செய்த காரியம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவருக்கு இலவசமாகவே லாமினேட் செய்து கொடுப்பேன், வாயைச் சேர்த்து.

பைண்டிங் செய்ய வரும்போதுதான் பிள்ளைகள் அந்தக் கட்டத்தையே பார்ப்பார்கள். மறுநாள் காலையில் ஃபோலியோவைக் கொடுத்தாக வேண்டும். சுற்றிப் பார்த்தால் கடையில் நான் ஒருத்தி. என் மேசையில் கடைப் பெயர் போட்ட ரப்பர் முத்திரை, எங்கள் ஊர்ப் பேச்சில் சாப்பு. சாப்பு இருந்தால் இங்கே எதையும் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. அந்தப் பையனிடம் நான், "தம்பி, பிரெஞ்சுப் புரட்சி எங்க தாத்தாவோட தாத்தா கப்பல் ஏறுறதுக்கும் முன்னாடிடா," என்றேன். "பரவால்ல ஆன்ட்டி, சாப்பு மட்டும் போடுங்க. படம் நான் எடுத்துக்கிறேன்," என்றான்.

போட்டுத் தொலைத்தேன். அவன் போய்ச் சொல்லியிருப்பான். அந்த வாரம் முழுக்கக் கூட்டம். தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பையன்கள், சீனப் பெண்கள் என்று வகுப்பே வந்தது. லாமினேட்டிங் மெஷினுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினேன். எல்லாப் படத்திலும் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, பசியோடு இருக்கிறவள் மாதிரி நிற்கிறேன். ஒருத்தி எழுதியதைப் பைண்டிங் செய்யும்போது படித்தேன். "பேட்டியாளரின் கூற்றுப்படி, பாரிஸ் நகரில் ரொட்டி விலை ஏறியதால் மக்கள் மிகவும் சிரமப்பட்டனர்." கீழே என் கையெழுத்து, பக்கத்தில் ஊதா மையில் கடைச் சாப்பு. பாஸ்டில் கோட்டை விழுந்ததைப் பார்த்தேன், ரஷ்யாவில் ஜார் மன்னனை இறக்கியதைப் பார்த்தேன், முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் சேறு எவ்வளவு ஆழம் என்றும் சொல்லியிருக்கிறேன். இதில் எந்த ஊரையும் நான் பார்த்ததில்லை. அதிக தூரம் போனது வேளாங்கண்ணிக்கு.

இதில் என் மகள் சங்கதி தனி. அவளும் அதே வகுப்புதான். சரித்திரம் படித்து, பல்கலைக்கழகம் போய், சரித்திர ஆசிரியையாக வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறவள். அவள் என்னிடம் வந்து நிற்கவில்லை. "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லார் ஃபோலியோவுலயும் நீங்க இருக்கீங்கம்மா. மானம் போவுது," என்று மட்டும் சொன்னாள். தன் ஃபோலியோவில், பேட்டி என்ற இடத்தில், "இந்நிகழ்வைக் கண்டவர் எவரும் இன்று உயிரோடு இல்லை" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாள். உண்மை பேசினாள். கட்டம் காலி என்று சொல்லி மதிப்பெண்ணை வெட்டிவிட்டார்கள். என் பொய்ச் சாட்சியை வைத்தவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று ஒரு கட்டுத் தாளைத் தலைகீழாக வைத்து அடித்துவிட்டேன்.

"ஒரு சாப்பு வாங்கியிருந்தா என்னடி குறைஞ்சா போயிருப்ப?" என்றேன்.

"நீங்க பாரிஸ் போனீங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்னம்மா."

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாயால் என்ன செய்ய முடியும்? எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். மொத்தம் இரண்டு ஃபோலியோ, அந்த மதிப்பெண் தேர்வு முடிவில் சேரும். முதலாவதில் விட்டதை இரண்டாவதில் பிடித்தால்தான் அவள் நினைத்த படிப்புக்கு விண்ணப்பமே போட முடியும் என்ற நிலை வந்துவிட்டது.

இரண்டாவது ஃபோலியோவுக்கு முன்னால் சரித்திர ஆசிரியை என் கடைக்கே வந்துவிட்டார். சோதனைத் தாள் பிரதியெடுக்க வந்தவர், மீதிச் சில்லறையை வாங்கும்போது என் முகத்தையே பார்த்தார். பிறகு மேசையில் இருந்த சாப்பைப் பார்த்தார். "ரஷ்யப் புரட்சியில் நீங்கள்தானே?" என்று மலாயில் கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மறுநாள் வகுப்பில் புது விதி போட்டுவிட்டார்: பேட்டி கொடுப்பவர் அந்த நிகழ்வில் உண்மையாகவே இருந்தவராக இருக்க வேண்டும், சொந்தக்காரர் கூடாது, அந்த ஃபோட்டோஸ்டாட் கடைச் சாப்பு இருந்தால் ஃபோலியோ திரும்பி வரும்.

தலைப்பும் இந்த முறை நம் காலத்துக்கு வந்திருந்தது: பனிப்போர் முடிந்த பிறகு உலகமயமாக்கல். சீட்டுப் போட்டு எடுத்தார்கள். என் மகளுக்கு வந்தது, நாடு விட்டு நாடு இடம் மாறும் தொழிற்சாலைகள். அந்த மாதிரி ஒரு தொழிற்சாலையில் வேலை போனவரைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுக்க வேண்டும்.

கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தக் கடையை நான் ஆசைப்பட்டா ஆரம்பித்தேன்? அதற்கு முன்பு இதே ஊரில் ஒரு தொழிற்சாலையில்தான் இருந்தேன். கணினிக்குள் வைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு உலோக மூடி அடிக்கும் இடம். கம்பெனி பஸ், ஷிப்ட், நீல மேலங்கி என்று கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக என் வயசு அங்கேதான் போனது. கடைசியில் லைன் லீடர். ஒரு நாள் கம்பெனியைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது மகள் கைக்குழந்தை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், "அம்மா வேலை செஞ்ச ஃபேக்டரிய மூடிட்டாங்க" என்பதுதான். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை. கேட்காததை நானாகப் போய்ச் சொல்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

"என்னைய எடுத்துக்கோயேன்," என்றேன்.

"நீங்க சொந்தக்காரங்க. ரூல்."

"பெத்த தாய் சொந்தக்காரியாடி?"

"வேற யாரும்மா சொந்தக்காரங்க?"

உலகத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் நான் சாட்சி, என் பிழைப்பில் மண் விழுந்த கதைக்கு மட்டும் நான் ஆகாதவள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? சரி, என் லைனில் இருந்தவர்களில் யாரையாவது பிடிக்கலாம் என்று பார்த்தால், ஒருத்தி கூலிம் ஊரில் வேறு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் கிடக்கிறாள், போனை எடுக்கவே மாட்டாள். மற்றவர்கள் எங்கெங்கோ. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் ஒரே ஓர் அக்காதான். அந்த அக்கா என்னோடு பேசுவதில்லை.

சண்டை போட்டுப் பேசாமல் போனதில்லை. அது இன்னும் மோசம். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே மாதா கோவிலில் பூசைக்கு வருகிறோம். "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிப்போம்" என்று ஃபாதர் சொன்னதும் எல்லோரும் முன்னும் பின்னும் திரும்பிக் கைகூப்புவார்கள். அந்த அக்கா எனக்கு முன்வரிசையில் இருந்தால் இடப்பக்கம் திரும்புவார், வலப்பக்கம் திரும்புவார், பின்னால் மட்டும் திரும்ப மாட்டார். கழுத்தில் சுளுக்கா என்று கேட்கலாம் போல இருக்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை, நான் முன்வரிசையில் இருந்தால் எனக்கும் அதே சுளுக்குதான். ஃபாதருக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்காகப் போய் நின்றேன். பூசை முடிந்து அவர் செருப்பு மாட்டும்போது, "அக்கா, என் மகளுக்கு ஸ்கூல் வேலை. ஃபேக்டரி மூடுன கதை வேணுமாம். நீங்க சொல்லணும்," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மகளைப் பார்த்தார். "கடைக்கு வா பாப்பா. காலையில கூட்டம் போனதுக்கு அப்புறம் வா," என்றார்.

குருண் போகும் சாலையோரம், ஒரு தொழிற்சாலை வாசலில் அவருக்கு நாசி லெமாக் கடை, தேங்காய்ப்பால் சோறு. அடுத்த சனிக்கிழமை காரில் போனோம். மகள் போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசையில் வைத்தாள். "உங்க பேரு போட மாட்டேன் ஆன்ட்டி. வேற யார் பேரும் சொல்ல வேணாம்," என்றாள். என் பக்கம் திரும்பி, "நீங்க பேசக் கூடாது," என்றாள். நான் என் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்கா நன்றாகவே சொன்னார். மூடப்போகிற செய்தி வந்த நாள், பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வீடு போனது, எல்லாம் சொன்னார். பிறகு அந்த இடத்துக்கு வந்தார்.

"மூடுறதுக்கு முன்னாடி அந்த ஊருப் பொண்ணுங்களக் கூட்டியாந்தானுங்க பாப்பா. எங்க வேலைய எங்ககிட்டயே கத்துக்கிட்டுப் போறதுக்கு. எங்க சோத்துல மண்ணப் போட வந்தவளுங்களுக்கு நாங்களே சொல்லிக் குடுக்கணுமாம். அவளுங்க பாட்டுக்கு எப்பப் பாரு சிரிச்சிக்கிட்டே இருப்பாளுங்க. வயிறு எரியும்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சேர்ந்து பேசி முடிவு பண்ணோம். அரைகுறையா சொல்லிக் குடுப்போம், தப்பா சொல்லிக் குடுப்போம். அவளுங்களுக்கு வேலை வரலன்னா கம்பெனி இங்கயே இருந்துரும்லா. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தி மட்டும் ஒத்துக்கல."

"யாரு?"

"எங்க லைன் லீடரு. எங்களயெல்லாம் ஒதுக்கிட்டு, அவளே மெஷினாண்ட நின்னு, ஒவ்வொருத்தியா கையப் புடிச்சிச் சொல்லிக் குடுத்தா. நாங்க கெஞ்சுனோம், திட்டுனோம், ம்ஹூம். அந்த ஊருல பெரிய போஸ்ட் தரேன்னு சொல்லியிருப்பானுங்க. வேற என்ன? கடைசியில அவளுக்கும்தான் ஒண்ணும் கெடைக்கல."

"அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு நீங்க கேக்கலயா ஆன்ட்டி?"

அக்கா அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். "அத அவகிட்டதான் கேக்கணும்," என்றார்.

நான் வாயைத் திறந்தேன். மகள் போனைப் பார்த்தபடியே கையை உயர்த்தி, "அம்மா, ரெக்கார்ட் ஓடுது. பேசாதீங்க," என்றாள். மூடிக்கொண்டேன். அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். கிளம்பும்போது மகளுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கட்டிக் கொடுத்தார். எனக்கு என்று ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பொட்டலம்.

காரில் பாதி வழி வந்த பிறகு மகள் கேட்டாள். "அந்த லைன் லீடர் நீங்கதானே?"

"ஆமா."

"அப்போ உங்கள கேக்க முடியாது. சொந்தக்காரங்க," என்றாள். குரலில் உண்மையான வருத்தம். எனக்கு அந்த ஸ்டியரிங்கைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதைக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி.

ஃபோலியோவை என் கடையில்தான் பைண்டிங் செய்தாள், சாப்பு மட்டும் வாங்கவில்லை. அக்காவின் கையெழுத்து நடுங்கி நடுங்கி இருந்தது, படத்தில் கடை ஏப்ரனோடு விறைப்பாக நிற்கிறார். நான் பக்கங்களை அடுக்கும்போது அந்த வரி கண்ணில் பட்டது. "ஒரு லைன் லீடர் மட்டும் புதிய தொழிலாளர்களுக்கு முழுமையாகப் பயிற்சி அளித்தார். காரணம் தெரியவில்லை." வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் ஃபோலியோவிலும் என் முகம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நான் கால் வைக்காத ஊரில் நான் பார்க்காத புரட்சிக்கெல்லாம். நான் உண்மையாகவே நின்ற இடத்தில் "ஒரு லைன் லீடர்". அது எனக்கு வலித்தது. அடுக்கி, துளை போட்டு, சுருளை மாட்டிக் கொடுத்தேன்.

ஃபோலியோ திரும்பி வந்தது. நல்ல மதிப்பெண்தான், அவள் விண்ணப்பம் போடப் போதும். மகள் கடைக்குள் வரும்போதே முகத்தில் தெரிந்தது. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து கவுண்டரில் வைத்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இந்த லைன் லீடர்தான் மிக முக்கியமான சாட்சி. ஏன் இவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேட்டி எடுக்கவில்லை?" அதற்கு மதிப்பெண்ணும் வெட்டியிருந்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏன்டி, நான் இங்கதானே இருக்கேன்! சாப்போட இருக்கேன்!" என்று கத்தினேன். பிரதி எடுக்க நின்றவர் பயந்துபோய்த் தன் தாளை இழுத்துக்கொண்டார்.

மகள் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்கிறவர்களுக்குப் போடும் ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். போன் பைக்குள் இருந்தது, கையில் பேனாவும் இல்லை. மதிப்பெண் போட்டு முடிந்துவிட்டது, இனிமேல் எழுதவும் ஒன்றுமில்லை. "ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

இதைச் சொல்ல வேண்டி வரும் என்று நான் எப்போதோ வார்த்தைகளைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றும் உதவவில்லை. இருந்ததைச் சொன்னேன்.

"அந்த அக்கா இன்ஸ்பெக்ஷன் மேசையில இருந்தாங்க. அங்க தப்பா சொல்லிக் குடுத்தா பொருள்தான் கெட்டுப்போகும். நான் மூடி அடிக்கிற பிரஸ் மெஷின்ல இருந்தேன். அது பழைய மெஷின். விளக்கு அணைஞ்சதும் உடனே கைய உள்ள விடக் கூடாது, ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் விடணும். அது எந்தப் புத்தகத்துலயும் இல்ல, எங்களுக்குத்தான் தெரியும். அந்த மெஷினயும்தான் அங்க கொண்டு போனாங்க. தப்பா சொல்லிக் குடுத்திருந்தா யாரோட விரல் போயிருக்கும்? முதலாளியோட விரலா?"

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். மெஷினச் சாக்கா வச்சு கம்பெனிக்கு வக்காலத்து வாங்குறேன்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் யார்கிட்டயும் சொல்லல. எங்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணுங்க அத்தன பேரும் பத்து விரலோடதான் ஊருக்குப் போனாளுங்க. அவ்ளோதான்."

சொல்லி முடித்ததும், யாராவது கேட்டு நான் பதில் சொன்னால் சாப்பு போடும் பழக்கத்தில், என் கை தானாக மேசையில் சாப்பைத் தேடியது. எடுத்து மையில் அழுத்தியும்விட்டேன்.

"அது வேணாம்மா," என்றாள் மகள்.